எது சட்டம், எது மசோதா, எது வெறும் பேச்சு? எஸ்டேட் லைன்களில் சுற்றும் குடும்பநலச் செய்திகள்

கட்டபெட்டு வாசகி கேட்டது:

வணக்கம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஹட்டிகளிலும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் லைன்களிலும் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள்) மகளிர் குழுக் கூட்டத்தில் தவணைக் கணக்கு முடிந்ததும் இப்போது இந்தப் பேச்சுதான் ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் நான்கு செய்திகள் சுற்றுகின்றன.

“ரெண்டு பிள்ளைக்கு மேல பெத்தா ரேஷன் கட். சட்டம் பாஸாயிடுச்சு.”

“கர்ப்பத்தைக் கலைக்கணும்னா இனிமே புருஷன் கையெழுத்து கட்டாயம்.”

“பிக்மி நம்பர் எடுத்தா கணக்குல ஏத்திடுவாங்க. பிரசவத்துக்குப் போனா கேக்காமலே காப்பர்-டி வெச்சு அனுப்பிடுவாங்க.”

“பொண்ணுக்குக் கல்யாண வயசு இருபத்தொண்ணு ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி பிள்ளை பெத்தா கேஸ்.”

இதை நம்பி, மாதம் தள்ளிப்போனதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு, நான்காம் ஐந்தாம் மாதத்தில்தான் சுகாதார செவிலியரிடம் வருகிறார்கள். ரேஷன் கடைப் பலகையில் ஒட்ட ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். இந்த நான்கில் எது உண்மை? அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் நாங்களே எப்படிச் சரிபார்ப்பது? சட்டம் ஆவதற்கு முன்னால் எங்கள் கருத்தை யாருக்கு, எப்படிச் சொல்வது?

“கவர்மெண்ட்ட நம்பலாமா?” என்று நேராகவே கேட்கிறார்கள். “நம்புங்கள்” என்று ஒரு வரி எழுதி ஒட்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் நுணுக்கமாகச் சொல்லுங்கள்.

அரசிதழ் வாசகன் எழுதியது:

அம்மா, நான்கில் ஒன்றுகூட இன்றைய சட்டம் இல்லை. ஆனால் நான்குக்கும் ஒவ்வொரு வேர் இருக்கிறது. வேரைச் சொல்லாமல் “வதந்தி” என்று மட்டும் ஒட்டினால் எடுபடாது.

ரேஷன் செய்தியின் வேர் உத்தரப் பிரதேசம். 2021 ஜூலையில் அந்த மாநிலச் சட்ட ஆணையம் ஒரு வரைவை வெளியிட்டு, ஜூலை 19 வரை கருத்துக் கேட்டது. இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது, ரேஷன் அட்டையில் நான்கு பேருக்கு மேல் கணக்கில்லை என்றெல்லாம் அதில் இருந்தது. அது சட்டம் ஆகவில்லை. நாடாளுமன்றத்திலும் 2019-இல் ராகேஷ் சின்ஹா மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார், 2022 ஏப்ரலில் திரும்பப் பெற்றுக்கொண்டார். மத்திய அரசே 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில், பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கட்டாயப்படுத்துவதை ஏற்கவில்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுத்திருக்கிறது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க இரண்டு பிள்ளை வரம்பு வைத்த ஹரியானா சட்டத்தை 2003-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆகவே “இப்படி ஒரு சட்டம் வரவே முடியாது” என்று எழுதாதீர்கள். “இன்று இல்லை, தமிழ்நாட்டில் உள்ளாட்சிக்கும் அந்த வரம்பு இல்லை” என்று எழுதுங்கள்.

கல்யாண வயது 21 என்பது 2021 டிசம்பர் 21-இல் மக்களவையில் அறிமுகமான மசோதா. நிலைக்குழுவுக்குப் போனது. 2024-இல் 17-வது மக்களவை கலைந்ததும் காலாவதியாகிவிட்டது. நிறைவேறியிருந்தாலும் வயது மாற்றம் ஒப்புதலுக்கு 2 ஆண்டு கழித்துத்தான் அமலாகும் என்று அதிலேயே இருந்தது. இன்று பெண்ணுக்குச் சட்ட வயது 18.

இனி சரிபார்க்கும் வழி. செய்தி வந்தால் முதல் கேள்வி “இது உண்மையா?” என்பதல்ல. “இது எந்தப் படியில் நிற்கிறது?” என்பதுதான். வரைவு என்றால் ஒரு துறையோ ஆணையமோ எழுதிய தாள், அவ்வளவுதான். தனிநபர் மசோதா என்றால் அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட மசோதா இரு அவைகளிலும் கடைசியாக நிறைவேறியது 1970-இல். அரசு மசோதா என்றால் கவனமாகப் பார்க்க வேண்டும். அப்போதும் அறிமுகம், நிறைவேற்றம், ஒப்புதல், அமல் தேதி ஆகிய நான்கும் வேறு வேறு நாட்கள்.

கருக்கலைப்புச் சட்டத் திருத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 2-இல் அறிமுகம், மார்ச் 17-இல் மக்களவையில் நிறைவேற்றம், 2021 மார்ச் 16-இல் மாநிலங்களவை, மார்ச் 25-இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல், செப்டம்பர் 24-இல்தான் அமல். விதிகள் வந்தது அக்டோபர் 12. இந்த ஒன்றரை ஆண்டில் எந்த நாளில் ஃபார்வர்டு கிளம்பியிருந்தாலும் “சட்டம் வந்தாச்சு” என்றுதான் வந்திருக்கும். அரசிதழில் சட்ட எண்ணும் அமல் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாத செய்தியைப் பலகையில் ஏற்றாதீர்கள்.

மாநிலத்தையும் கவனிக்க வேண்டும். மக்கள்தொகைக் கட்டுப்பாடும் குடும்பக் கட்டுப்பாடும் பொதுப்பட்டியலில் 20-அ என்ற இனமாக இருக்கின்றன. நெருக்கடி நிலையின்போது 42-வது திருத்தத்தில் சேர்த்தது. டெல்லியும் சட்டம் போடலாம், சென்னையும் போடலாம். சென்னையில் வருவதைச் “சட்டமுன்வடிவு” என்பார்கள். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கடைசியாக, பலர் கவனிக்காமல் விடும் இடம் விதிகள். வாடகைத்தாய்ச் சட்டம் 2021-இல் நிறைவேறியது. கருமுட்டை, விந்து இரண்டும் தம்பதியுடையதாகவே இருக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் விதியில் மாற்றினார்கள். மருத்துவக் காரணம் இருந்தால் ஒன்று தானமாகப் பெறலாம் என்று 2024 பிப்ரவரியில் மறுபடி மாற்றினார்கள். இரண்டு முறையும் நாடாளுமன்றத்தில் புது மசோதா வரவில்லை, அறிவிப்பு மட்டும்தான். சட்டம் நிறைவேறிய பிறகும் கண்ணை எடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

பிரசவ வார்டு எழுதியது:

அரசிதழ் வாசகன் சார் படிகளைச் சொல்லிவிட்டார். இரண்டாவது, மூன்றாவது செய்திகளுக்கு வருகிறேன். நம்பிக்கை உடைவது நாடாளுமன்றத்தில் இல்லை, வார்டில். அதனால் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கணவர் கையெழுத்து: 1971 கருக்கலைப்புச் சட்டம் முதற்கொண்டே கேட்பது பெண்ணின் சம்மதம் மட்டும்தான். அதற்குப் படிவம் ‘சி’ என்று பெயர். 18 வயது நிரம்பாதவர், மனநோய் உள்ளவர் என்றால் பாதுகாவலரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவர், மாமியார், பஞ்சாயத்து, யாருக்கும் அந்தத் தாளில் இடமே கிடையாது. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் மத்திய அரசின் தரநிலைப்படி துணைவரின் கையெழுத்து தேவையில்லை. ஆனால் “எதுக்கும் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பின்னால் தகராறு வருமோ என்று ஊழியர்களுக்குப் பயம். அந்தப் பழக்கத்தைத்தான் ஜனங்கள் சட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கேட்டால், “படிவம் சி-யில் அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்” என்று மரியாதையாகக் கேட்கலாம்.

வாரக் கணக்கு: கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். உறவு கொண்ட நாளிலிருந்தோ, மாதம் தள்ளிப்போன நாளிலிருந்தோ எண்ணினால் 2 முதல் 4 வாரம் குறைவாகத் தெரியும். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 9 வாரம் வரை மாத்திரையால் கலைக்கலாம், அதுவும் மருத்துவர் கண்காணிப்பில். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-இலிருந்து 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும், அதுவும் கருக்கலைப்பு விதிகளில் 3-ஆ சொல்லும் வகையினருக்கு மட்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர், 18 வயது நிரம்பாதவர், கர்ப்பகாலத்தில் விதவையானவர் அல்லது விவாகரத்தானவர், உடல் ஊனமுற்றவர், மனநலப் பாதிப்புள்ளவர், கருவில் குறைபாடு உள்ளவர், அரசு அறிவித்த பேரிடர் நிலையில் இருப்பவர் ஆகியோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். 24 வாரத்துக்கு மேல் கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மட்டும், மருத்துவ வாரியம் வழியாக. வாரியம் 3 நாளில் கருத்துச் சொல்ல வேண்டும், அனுமதித்தால் கோரிக்கை கொடுத்த 5 நாளுக்குள் செய்து முடிக்க வேண்டும். தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் வார வரம்பு கிடையாது.

கல்யாணம் ஆகாதவர் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். பழைய சட்டத்தில் கருத்தடை தவறியதைக் காரணமாகச் சொல்ல “மணமான பெண், அவள் கணவர்” என்று இருந்தது. 2021 திருத்தம் அதை “பெண், அவள் துணைவர்” என்று மாற்றியது. 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம், 20–24 வார விஷயத்திலும் மணமாகாதவரை ஒதுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே சமயம் இது கேட்டவுடன் கிடைக்கும் உரிமை என்று எழுதிவிடாதீர்கள். மருத்துவர் நல்லெண்ணத்தோடு உருவாக்கிய கருத்தின் பேரில்தான் இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது.

மலைக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. குறைபாடு பார்க்கும் ஸ்கேன் 18–20 வாரத்தில் எடுப்பது. பந்தலூர், சேரம்பாடியிலிருந்து கூடலூர் இறங்கி, அங்கிருந்து நடுவட்டம் வழியாக ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை ஏற வேண்டும். பச்சைத் தேயிலை மும்முரத்தில் ஒரு நாள் கூலியை விட மனம் வராது. ஆடி மழையில் ரோட்டில் மண் சரிந்தால் ஒரு வாரமும் போய்விடும். 20-வது வாரத்துக்கு எழுதிக் கொடுத்த ஸ்கேன் 22-இல் எடுக்கப்படும், இன்னொரு மருத்துவருக்குப் போக 23 ஆகும். சமவெளியில் இருப்பவர்களுக்கு 24 வாரம் என்பது அவகாசம். இங்கே அது விளிம்பு. நான்காம் மாதம் வரை சொல்லாமல் இருப்பதில் உள்ள உண்மையான ஆபத்தும் இதுதான். தாமதம் ஆக ஆகக் கையில் இருக்கும் வழிகள்தான் குறையும்.

ரகசியம்: கருக்கலைப்புச் சட்டத்தின் 5-அ பிரிவுப்படி பெண்ணின் பெயரை, விவரத்தை உரியவர் அல்லாதவருக்கு மருத்துவர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கருக்கலைப்புச் சேர்க்கைப் பதிவேடு ரகசிய ஆவணம். மற்ற ஏடுகளில் பெயருக்குப் பதில் வரிசை எண்தான் போட வேண்டும், சம்மதப் படிவம் ஒட்டிய உறைக்குள் இருக்க வேண்டும். சின்ன ஊரில் ரகசியம் போவது பெரும்பாலும் பதிவேட்டிலிருந்து இல்லை. வெளி நோயாளி வரிசையில் சத்தமாகக் கேட்கும் ஒரே கேள்வியில் போய்விடுகிறது. ஆலோசனைக்குத் தனி அறை, குறைந்தது ஒரு திரை, என்று உங்கள் குழு எழுதிக் கேட்கலாம்.

காப்பர்-டி: பிக்மி எண் என்பது கர்ப்பத்தையும் குழந்தையையும் தொடர்ந்து பார்க்கும் பதிவு. முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணத்துக்கும் பிறப்புப் பதிவுக்கும் அது வேண்டும். கருத்தடைக்கும் அதற்கும் சட்டத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் பயத்துக்குக் காரணம் உண்டு. பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள், சில சமயம் நஞ்சுக்கொடி வந்ததும் உடனேயே, காப்பர்-டி வைக்கும் முறை இருக்கிறது. முறைப்படி, கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே விளக்கி, சம்மதத்தை அட்டையில் குறித்து, வைக்கும் முன் மறுபடி கேட்க வேண்டும். வலி எடுத்துத் துடிக்கும் நேரத்தில் கேட்டு வாங்கும் “சரி” சம்மதம் ஆகாது. அங்கேதான் தப்பு நடக்கிறது. முன்பே யாரும் பேசியிருக்க மாட்டார்கள், லேபர் ரூமில் ஒரு தலையசைப்பை வாங்கிக்கொள்வார்கள், டிஸ்சார்ஜ் தாளில் ஒரு சுருக்கெழுத்து இருக்கும். பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பெண்களிடம் தமிழில் கேட்டுவிட்டு, அவர்கள் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்வதும் இதே தப்புதான்.

கர்ப்பிணிகளுக்குச் சொல்ல வேண்டியது இது. 7, 8-ஆம் மாதப் பரிசோதனையிலேயே “பிரசவத்தோடு காப்பர்-டி வேண்டும்” அல்லது “வேண்டாம்” என்று அட்டையில் எழுதச் சொல்லுங்கள். கூட வரும் பெண்ணுக்கும் அது தெரிந்திருக்கட்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது “ஏதாவது வெச்சிருக்கீங்களா?” என்று கேளுங்கள். வைத்திருந்தால் வகை, தேதி எழுதிய தனி அட்டை தர வேண்டும். 380-அ வகை என்றால் 10 ஆண்டு வேலை செய்யும், 375 வகை என்றால் 5 ஆண்டு. 6 வாரத்தில் காட்ட வர வேண்டும். வேண்டாம் என்றால் எந்த நாளிலும் எடுத்துவிடச் சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கருக்கலைப்புக்கு வந்தவரிடம் “ஆபரேஷனும் சேர்த்துப் பண்ணினால்தான்” என்று நிபந்தனை போடுவதும் மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு எதிரானது.

காப்பர்-டி கெட்டது என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பிள்ளைக்கு நடுவே இடைவெளி வேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல சாதனம். சொல்லாமல் வைப்பதுதான் அதன் பெயரைக் கெடுக்கிறது.

பந்தலூர் மழை எழுதியது:

சிஸ்டர் எழுதியது எல்லாம் சரி. ஆனால் ஜனங்கள் நம்பாதது அறியாமையால் என்று அந்தப் பலகைத் தாள் தொனித்துவிடக் கூடாது. அவநம்பிக்கைக்கு வரலாறு இருக்கிறது, அதில் ஒரு பகுதி இந்த மலையிலேயே நடந்தது.

1971-இல் உபாசி (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்), நீலகிரியின் 3 தேயிலை எஸ்டேட்டுகளில் ஒரு சேமிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் தொழிலாளி கருவுறாமல் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அவர் பெயரில் நிர்வாகம் 5 ரூபாய் போடும். பிள்ளை எண்ணிக்கை கூடினால் சேர்ந்த பணத்தில் ஒரு பங்கு போய்விடும். பிள்ளை பெறும் வயது கடந்த பிறகுதான் மீதி கைக்கு வரும். யாரையும் கட்டிப்போடவில்லை, விருப்பத் திட்டம்தான். ஆனால் சம்பளம் கொடுக்கிறவரே கர்ப்பத்தையும் எண்ணிக்கொண்டிருந்தால் அந்த விருப்பத்துக்கு என்ன மதிப்பு? பாட்டி காலத்தில் லைனில் நடந்ததைப் பேத்தி மறந்துவிடுவாள் என்று நினைப்பது தப்பு.

அடுத்து நெருக்கடி நிலை. 1976–77 ஒரே ஆண்டில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன்கள், பெரும்பாலும் ஆண்களுக்கு. மகாராஷ்டிரச் சட்டமன்றம் 1976-இல் கட்டாயக் கருத்தடைக்கு மசோதாவையே நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்காததால் நின்றது. அதன் பிறகு ஆண்களைத் தொட எந்த அரசுக்கும் துணிவு வரவில்லை, சுமை முழுதும் பெண்கள் மேல் போனது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் 0.1 சதவீதம். அதே ஆய்வில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைதான். இங்கே யாரைக் கட்டுப்படுத்த இன்னொரு சட்டம்?

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரே மருத்துவர் ஒரே நாளில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். ஒரு குழு ஒரு நாளில் 30-க்கு மேல் செய்யக் கூடாது என்று தரநிலை அப்போதே இருந்தது. அந்த மாவட்ட முகாம்களில் 13 பெண்கள் இறந்தார்கள். 2016-இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 3 ஆண்டுக்குள் முகாம்களை நிறுத்தச் சொன்னது. அங்கே காகிதத்தில் விதி குறைவாக இல்லை. மேலிருந்து இலக்கு எண் கொடுத்தால் கீழே சம்மதம் காணாமல் போகும். எந்தப் புது மசோதா வந்தாலும் முதலில் இதைத் தேடுங்கள்: ஊழியருக்கு எண்ணிக்கை இலக்கு, தலைக்கு இவ்வளவு ஊக்கத்தொகை, சலுகை வெட்டு. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் பயப்படுவது நியாயம்.

பிரசவ வார்டு எழுதியது:

இதை மறுக்கவில்லை. இலக்கு பற்றிச் சொன்னது முக்கியம், 1996 ஏப்ரலிலேயே மத்திய அரசு இலக்கு முறையைக் கைவிட்டதாக அறிவித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது “இந்த மாதக் கோட்டா” என்று சொன்னால் அது அரசின் சொந்தக் கொள்கைக்கே விரோதம் என்று எடுத்துச் சொல்லலாம்.

ஒரு வேறுபாடு மட்டும். வரலாற்றைச் சொல்லும்போது “அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகாதே” என்று காதில் விழாமல் சொல்ல வேண்டும். வீட்டுப் பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தால் மலைப்பாதையில் வண்டி வந்து சேர்வதற்குள் காரியம் கைமீறிவிடும். தப்பு நடந்தால் புகார் செய்ய வழி இருக்கிறது. கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அரசு மருத்துவமனை என்றால் நலப்பணிகள் இணை இயக்குநருக்கும், ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலருக்கும் எழுதுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100. ஆபரேஷன் செய்தும் கரு நின்றுவிட்டால் இழப்பீடு உண்டு, 90 நாளுக்குள் கோர வேண்டும். பலர் வெட்கப்பட்டு அந்த நாளை விட்டுவிடுகிறார்கள்.

கட்டபெட்டு வாசகி கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. இன்னொன்று கேட்க வேண்டும், பலகையில் எழுதத் தயக்கமாக இருக்கிறது. 17 வயதுப் பெண் கர்ப்பம் என்றால்? “ஆஸ்பத்திரிக்குப் போனா பையனை ஜெயில்ல போட்டுடுவாங்க” என்று வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள், அல்லது போவதே இல்லை. இதுவும் வதந்தியா?

அரசிதழ் வாசகன் எழுதியது:

இது வதந்தி இல்லை அம்மா, சட்டம். மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 19-வது பிரிவின்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர் மீது குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் யாரானாலும் தகவல் தர வேண்டும். தராத மருத்துவருக்கு 21-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை உண்டு. கல்யாணம் ஆனவள் என்பதும் தப்பிக்கும் வழி ஆகாது. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 18-க்குக் கீழ் மனைவி என்ற விலக்கை நீக்கிவிட்டது. சம்மத வயதைக் குறைக்கலாமா என்ற விவாதத்தில் சட்ட ஆணையம் 2023-இல் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

2022 தீர்ப்பில் ஒரு சிறிய கதவு திறந்தது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் கொடுக்கும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் தர வேண்டியதில்லை. இதைப் பல ஊழியர்களே அறியாமல் இருக்கிறார்கள். ஆனால் கவனியுங்கள், அந்தச் சலுகை கருக்கலைப்புக்குத்தான். பிள்ளையைப் பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்ணுக்கு அது இல்லை. கலைக்க வந்தவளுக்கு ரகசியம் உண்டு, பெற்றுக்கொள்ள வந்தவளுக்கு இல்லை. இந்த ஓட்டையைத்தான் சட்டம் போடுகிறவர்களிடம் எழுதிக் கேட்க வேண்டும்.

அதுவரை: போக்சோ விதிகள் 2020-இன்படி அவசரச் சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக எந்தத் தாளும் கேட்கக் கூடாது. சிகிச்சை முதலில். வயதைக் கூட்டி எழுதினால், பின்னால் ஆதார், பள்ளிச் சான்று, பிறப்புப் பதிவு மூன்றும் இடிக்கும். அந்தப் பொய்யோடு சேர்த்து விசாரிக்கப்படுவது பெண்ணின் அம்மாதான். போகும் முன் குழந்தைகள் உதவி எண்ணான 1098-லோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ பேசிவிட்டு, ஒரு வழக்கறிஞரின் துணையோடு போவது நல்லது.

பந்தலூர் மழை எழுதியது:

கருத்துச் சொல்லும் வழியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், யாரும் இன்னும் சொல்லவில்லை.

மத்திய அமைச்சகங்கள் வரைவை, குறைந்தது அதன் முக்கிய அம்சங்களை, 30 நாள் பொதுவில் வைக்க வேண்டும் என்று 2014 ஜனவரியில் முடிவெடுத்தார்கள். அது சட்டம் இல்லை, கொள்கைதான். பல மசோதாக்கள் அப்படி வைக்கப்படாமலே வருகின்றன. உங்கள் கருத்துக்கு அதிகப் பலன் கிடைக்கும் இடம் நாடாளுமன்றக் குழு. கருக்கலைப்புத் திருத்தத்தைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பும் கோரிக்கை மாநிலங்களவையில் தோற்றது. வாடகைத்தாய் மசோதா போனது. குழு 2020 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. நெருங்கிய உறவினர் மட்டுமே என்றிருந்ததை விருப்பமுள்ள பெண் என்று மாற்றவும், 5 ஆண்டு காத்திருப்பை நீக்கவும், காப்பீட்டை 16 மாதத்திலிருந்து 36 ஆக்கவும் சொன்னது. மூன்றும் சட்டத்தில் ஏறின. எழுதினால் நடக்கும் என்பதற்கு இதைக் காட்டலாம்.

எழுதும் விதம்: ஒரே பக்கம் போதும். எந்தப் பிரிவு, அதில் எந்தச் சொல், அதற்குப் பதில் எந்தச் சொல், ஏன். “இந்தச் சட்டமே கூடாது” என்று ஆயிரம் பேர் அனுப்பும் அச்சுக் கடிதத்தை ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். “20-லிருந்து 24 வாரத்துக்கான இரண்டாவது மருத்துவர் காணொளியில் கருத்துச் சொல்லலாம் என்று சேர்க்கவும், ஏனென்றால் பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு ஒரு நாள் ஆகிறது” என்று எழுதினால் அது தனியாக நிற்கும். குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கேட்கும். தமிழ் மூலத்தோடு மொழிபெயர்ப்பையும் இணையுங்கள். நேரில் சொல்ல விருப்பம் என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். குழுவுக்கு அனுப்பியதை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அது குழுவின் ரகசிய ஆவணம், முன்கூட்டி வெளியிட்டால் அவை உரிமை மீறல் ஆகலாம்.

நகலை நம் தொகுதி எம்.பி.க்கும் அனுப்புங்கள். நீலகிரி மக்களவைத் தொகுதியில் மலையின் 3 சட்டமன்றத் தொகுதிகளோடு மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகரும் சேர்ந்திருக்கின்றன. மலை ரோட்டின் கஷ்டத்தை நாம் சொல்லாவிட்டால் கடித மூட்டையில் அது இருக்காது. ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபையில் தீர்மானமாக்கி இணைக்கலாம். ஆண்டுக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

கட்டபெட்டு வாசகி எழுதியது:

பலகைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

“இரண்டு பிள்ளைக்கு மேல் ரேஷன் வெட்டு என்ற சட்டம் இன்று இல்லை. பெண்ணின் திருமண வயது 18, 21 ஆக்கும் மசோதா காலாவதி. கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை, 24 வாரம் வரை செய்யலாம். காப்பர்-டி உங்கள் சம்மதம் இல்லாமல் வைக்கக் கூடாது, 7-ஆம் மாதமே அட்டையில் எழுதச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் முதலில் 1098-ஐக் கூப்பிடுங்கள், சிகிச்சையை மறுக்க முடியாது.”

பிரசவ வார்டு எழுதியது:

ஒரே திருத்தம். “24 வாரம் வரை செய்யலாம்” என்பதை எடுத்துவிடுங்கள், எல்லோருக்கும் 24 என்று நினைத்துக் காத்திருப்பார்கள். “மாதம் தள்ளிப்போனால் 2 வாரத்துக்குள் செவிலியரைப் பாருங்கள். 9 வாரத்துக்குள் மாத்திரை, 20 வாரத்துக்குள் ஒரு மருத்துவர் போதும், அதற்கு மேல் சிலருக்கு மட்டும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுங்கள்” என்று போடுங்கள். தாளின் மூலையில் தேதி எழுதி, 6 மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பழைய தாள் பலகையில் கிடந்தால் அடுத்த வதந்தி அதிலிருந்தே கிளம்பும். பணியர் காலனிக்கு எழுத்து வேண்டாம், அவர்கள் பாஷை பேசும் ஒரு பெண்ணை வைத்து ஒரு நிமிட ஆடியோவாகப் பதிந்து அனுப்புங்கள்.